பன்னிரண்டு பெயர்கள்

1644-ஆம் ஆண்டு மார்ச் 21 அன்று பாஸ்டன் நகரில் மேரி லேதம் என்ற பெண்ணையும் ஜேம்ஸ் பிரிட்டன் என்ற ஆணையும் தூக்கிலிட்டார்கள். அவளுக்கு வயது ஏறக்குறைய 18. இருவர் மீதும் இருந்த குற்றச்சாட்டு ஒன்றே: பிறன்மனை உறவு. அப்போது அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்திருந்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் ஆளுநராக இருந்த ஜான் வின்த்ரோப், தமது நாட்குறிப்பில் இந்த வழக்கை ஒன்றிரண்டு பத்திகளில் எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பத்திகளைப் படித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் அவை என்னை விடவில்லை.

மகளின் பிரசவத்துக்காக ஆறு மாதம் பாஸ்டனுக்கு அருகே தங்கியிருந்தேன். பனிக்காலம். பேத்தி மடியில் உறங்கும் நேரத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதால், ஊர் நூலகத்திலிருந்து மருமகன் எடுத்துவந்து கொடுத்த புத்தகங்களை ஒற்றைக் கையால் புரட்டிக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்று வின்த்ரோப்பின் நாட்குறிப்பு. முப்பத்தோர் ஆண்டுகள் நீதிமன்றத்தில் வேலை பார்த்து, சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, ஓய்வு பெற்றவள் நான். வாக்குமூலம் என்று ஒன்று கண்ணில் பட்டால், சொன்னவர் யார், எழுதியவர் யார், சொன்னதற்கும் எழுதியதற்கும் நடுவே எது உதிர்ந்துபோயிருக்கும் என்று பார்க்காமல் பக்கத்தைத் திருப்பக் கை வராது. மேரி லேதம் பற்றிய பத்திகளில் உதிர்ந்துபோனவை நிறைய.

வின்த்ரோப் சொல்லும் வரிசையில் கதை இதுதான். மேரி நல்ல குடும்பத்தில், பக்தியுள்ள தகப்பனிடம் வளர்ந்தவள். அவள் விரும்பிய இளைஞன் அவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அந்த ஆத்திரத்தில், அடுத்து யார் வந்து கேட்டாலும் அவரையே கட்டிக்கொள்வேன் என்று சபதம் செய்தாள். வந்தவர் ஒரு கிழவர். நேர்மையும் திறமையும் இல்லாத மனிதர், அவர் மீது அவளுக்கு அன்பும் கிடையாது என்று வின்த்ரோப்பே எழுதுகிறார். மணமான கொஞ்ச நாளிலேயே இளைஞர்கள் சிலர் ஒயினும் பரிசுகளும் கொடுத்து அவளைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். அவர்களில் ஒருவன் பிரிட்டன்.

இந்த இரகசியம் இரகசியமாகவே இருந்திருக்கக்கூடும். அதை உடைத்தது சாட்சியோ காட்டிக்கொடுத்தவனோ அல்ல, பிரிட்டனின் உடம்பு. உடலை முடக்கும் கடுமையான வாதம் அவனைத் தாக்கியது. கூடவே மனச்சாட்சியின் நடுக்கமும் வந்தது. படுக்கையில் கிடந்தவன் மேரியுடன் தனக்கிருந்த உறவையும், வேறு பெண்களோடு இருந்த உறவுகளையும் தானாகவே வெளியிட்டான். இதற்கு முன்பு, தங்களுக்கு எதிராகத் தாங்களே வாய்திறந்து ஒப்புக்கொண்டவர்களை அவன் முட்டாள்கள் என்று அடிக்கடி பழித்தவனாம். அதையே இப்போது தானும் செய்யும்படி ஆயிற்று என்று வின்த்ரோப் ஒருவிதத் திருப்தியோடு குறித்துவைக்கிறார்.

இந்த இடத்தில் எனக்குள் இருந்த சிரஸ்தார் விழித்துக்கொண்டாள். எங்கள் ஊர் நீதிமன்றத்தில் ஒருவர் ஒப்புதல் வாக்குமூலம் தர வந்தால், நடுவர் முதலில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: நீங்கள் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சொன்னால் அது உங்களுக்கு எதிரான சான்றாகப் பயன்படலாம். இந்த எச்சரிக்கையை எத்தனையோ முறை தட்டச்சு செய்திருக்கிறேன். 1644-இல் பாஸ்டனில் ஒருவன் படுக்கையிலிருந்து பேசத் தொடங்கியபோது அப்படிச் சொல்ல அங்கு ஆள் இல்லை. சொல்லியிருந்தால் அதை அவர்கள் பாவமாகவே கருதியிருப்பார்கள்.

ஏன் என்பதற்கு அந்தச் சமூகத்தின் அடித்தளத்தைப் பார்க்க வேண்டும். 1630-இல் வின்த்ரோப்பின் தலைமையில் பதினொரு கப்பல்களில் வந்து இறங்கிய பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான இங்கிலாந்துக் கிறிஸ்தவர்கள், தங்களைக் கடவுளோடு உடன்படிக்கை செய்துகொண்ட ஒரே மக்கள் கூட்டமாக நினைத்தார்கள். உடன்படிக்கை என்பதால் பொறுப்பும் கூட்டுப் பொறுப்பு. ஒரு வீட்டுக்குள் மறைந்து கிடக்கும் பாவத்துக்காக ஊருக்கே பஞ்சமும் கொள்ளைநோயும் வரலாம். எனவே ஒருவனின் இரகசியம் அவனுக்குச் சொந்தமானதல்ல. அது ஊரின் கூரையில் ஒளித்துவைத்த நெருப்பு. தன் நெஞ்சே தன்னைச் சுடும் என்று நாம் சொல்வதுண்டு. அவர்களுக்கு நெஞ்சு சுட்டால் மட்டும் போதாது, சபை கூடியிருக்கும்போது, எல்லாரும் பார்க்கச் சுட வேண்டும்.

அதைவிடச் சிக்கலான முடிச்சு அவர்களுடைய இறையியலில் இருந்தது. யார் மீட்கப்படுவார், யார் கைவிடப்படுவார் என்பதை உலகம் உண்டாகும் முன்பே கடவுள் தீர்மானித்துவிட்டார். மனிதச் செயல் எதுவும் அதை மாற்றாது. ஆனால் தான் மீட்புக்காகக் கடவுளால் தெரிந்துகொள்ளப்பட்டவனா என்று அறியும் ஆவல் மட்டும் மனிதனை விடுவதில்லை. சபையில் முழு உறுப்பினராகச் சேர விரும்புகிறவர், தன் உள்ளத்தில் கிருபை எப்படி வேலை செய்தது என்பதை எல்லார் முன்பும் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதில் குற்ற உணர்ச்சி முதற்படி. பாவத்தை நினைத்துக் கலங்காதவன் கைவிடப்பட்டவன் என்பதில் ஐயமில்லை. கலங்குகிறவன் தெரிந்துகொள்ளப்பட்டவனாக இருக்கலாம். ஆனால் அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் கலங்கினான். இப்படி ஒரு கணக்கில் சிக்கிய மனம் தன் குற்ற உணர்ச்சியைச் சுமக்கவும் அஞ்சும், இறக்கிவைக்கவும் அஞ்சும். வலி நின்றுவிட்டால், அது மன்னிப்பின் அடையாளமா, மரத்துப்போன நெஞ்சின் அடையாளமா என்ற அடுத்த கேள்வி காத்திருக்கிறது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வின்த்ரோப் எழுதிய மற்றொரு குறிப்பு போதும். அது பிறன்மனை உறவைப் பற்றியது அல்ல, ஆனாலும் அந்த ஊரின் உள்ளறையைத் திறந்து காட்டுகிறது. 1637-இல் பாஸ்டன் சபையைச் சேர்ந்த ஒரு பெண், தன் ஆன்மாவின் நிலை தெரியாமல் நாட்கணக்கில் தவித்து, ஆறுதல் சொல்வதையே கேட்கப் பொறுக்காதவளாகி, ஒரு நாள் தன் கைக்குழந்தையைக் கிணற்றில் போட்டுவிட்டு வீட்டுக்குள் வந்து, இனி நான் நரகத்துக்குப் போவது நிச்சயம் என்று சொன்னாள். ஆட்கள் ஓடிப்போய்க் குழந்தையைக் காப்பாற்றிவிட்டார்கள். அவளுக்குத் தேவைப்பட்டது நரகம் அல்ல, நிச்சயம். அதை எந்த விலை கொடுத்தாவது வாங்கத் துணிந்திருக்கிறாள்.

இந்த ஊரில்தான் பிரிட்டன் வாதத்தில் விழுந்தான். அவன் வாய் திறந்தது ஏன் என்று இப்போது விளங்கும். வாதம் கடவுளின் அடி. மறைத்து வைத்துச் செத்தால் நேரே நரகம், சொல்லிவிட்டால் ஒருவேளை கிருபை. அவன் நிலையில் அது நியாயமான கணக்கு. ஆனால் அவன் இறக்கிவைத்த பாரம் காற்றில் கரைந்துவிடவில்லை. இருவருக்குள் இருந்த இரகசியத்தை ஒருவர் மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. அவன் தன் ஆன்மாவுக்காகச் சொன்ன சொல், அப்போது அண்டையிலிருந்த பிளிமத் குடியேற்றத்தின் எல்லைக்குள் வாழ்ந்துகொண்டிருந்த மேரியைத் தேடிப் போனது. செய்தி கேட்ட அங்குள்ள நடுவர் ஒருவர் அவளைப் பாஸ்டனுக்கு அனுப்பிவைத்தார்.

விசாரணையில் மேரி முதலில், பிரிட்டன் முயன்றான், ஆனால் நடக்கவில்லை என்றாள். ஒரு சாட்சி வந்தது. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்த் துயரத்துக்காக நாடெங்கும் உபவாசம் இருந்த நாளின் மாலையில், பிரிட்டன் வீட்டில் ஒரு கூட்டம் இரவு வெகுநேரம் வரை ஸ்பானிய ஒயின் குடித்துக்கொண்டிருந்தது. அதன்பின் வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி அவனும் மேரியும் தரையில் ஒன்றாகக் கிடந்ததைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னது. கணவரின் நெஞ்சில் கத்தியை வைத்து மிரட்டினாள், கிழட்டு அயோக்கியன் என்று திட்டினாள், உன் தலையில் காளைக்கு இருப்பதுபோல் பெரிய கொம்பு முளைக்க வைப்பேன் என்று ஏசினாள் என்றெல்லாம் வேறு பேச்சுகளும் வந்து சேர்ந்தன. மனைவி சோரம் போனால் கணவனுக்குக் கொம்பு முளைக்கும் என்பது அவர்களிடையே இருந்த சொல்வழக்கு. வழக்குக் கட்டுகளைப் படித்துப் பழகிய எனக்கு இந்த வரிகளின் இயல்பு தெரியும். இவை குற்றத்துக்குச் சான்று அல்ல, அவள் எப்படிப்பட்டவள் என்பதற்கு ஊர் சேகரித்துக் கொடுத்த சான்று. நேரடிச் சாட்சிகள் இருவர் இல்லை, எனவே இது போதாது என்று நடுவர்களிலேயே சிலர் தயங்கினார்கள். ஜூரி தயங்கவில்லை.

குற்றவாளி என்று தீர்ப்பு வந்த பிறகுதான் மேரி ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டதோடு நிற்காமல் வேறு பன்னிரண்டு ஆண்களின் பெயர்களையும் சொன்னாள். அவர்களில் இருவர் மணமானவர்கள். ஐந்து பேரைப் பிடித்து அடைத்தார்கள். மற்றவர்கள் ஏற்கெனவே ஊரை விட்டுப் போயிருந்தார்கள். பிடிபட்ட ஐந்து பேரும் மறுத்தார்கள். மரண தண்டனை பெற்ற ஒருத்தியின் சொல்லைத் தவிர அவர்களுக்கு எதிராக வேறு சான்று இல்லை என்பதால் விட்டுவிட்டார்கள்.

சட்டப்படி அது சரி. இன்னொருவருக்கு எதிராகக் குற்றவாளி சொல்லும் சொல்லை மட்டும் நம்பித் தண்டிக்கக் கூடாது என்பது நல்ல விதி. அந்த ஐவருக்கு அது பொருந்தியதில் எனக்குக் குறையில்லை. என் கண் நிற்பது வேறிடத்தில். தங்களுக்கு எதிராகத் தாங்களே பேசுகிறவர்கள் முட்டாள்கள் என்று பிரிட்டன் முன்பு சொன்ன அந்தப் பழிச்சொல்லை இந்த ஐந்து பேரும் கடைப்பிடித்தார்கள், பிழைத்தார்கள். மனச்சாட்சி நடுங்கிப் பேசியவன் செத்தான். தண்டனை உறுதியான பின் உண்மையைச் சொன்னவளும் செத்தாள். பாவத்தை வெளிப்படுத்து என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பிரசங்கம் செய்த ஊரில், மறைப்பவனுக்கே உயிர் பிழைக்கும் வழி திறந்திருந்தது. இதை அங்கிருந்த எல்லாரும் பார்த்தார்கள்.

பிரிட்டன் உயிருக்கு மன்றாடிக் குடியேற்றத்தின் உச்ச அவையான பொதுமன்றத்துக்கு விண்ணப்பம் போட்டான். பிறன்மனை உறவுக்கு இப்போதும் கடவுளின் சட்டப்படி மரணம்தானா என்று சில நடுவர்கள் கேட்டார்கள். விண்ணப்பம் தள்ளுபடி. மேரியோ மனமுருகி, மன்னிப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு சாகச் சம்மதித்தாள் என்றும், தூக்குமேடையில் இளம்பெண்கள் எல்லாரையும் பார்த்துப் பெற்றோருக்குக் கீழ்ப்படியுங்கள், கெட்ட சகவாசத்தை விட்டு விலகுங்கள் என்று அறிவுரை சொன்னாள் என்றும் எழுதுகிறார் வின்த்ரோப். 18 வயதுப் பெண், கடைசி நிமிடத்தில் தன் வாழ்க்கையைச் சபைக்கு ஏற்ற ஒரு வாக்கியமாகச் சுருக்கிக்கொண்டாள், அல்லது சுருக்கி எழுதப்பட்டாள். எது என்று பிரித்துப் பார்க்க இடமில்லாதபடி அந்த வாக்கியம் அவ்வளவு ஒழுங்காக இருக்கிறது.

இதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு அதே பாஸ்டன் சபையில் வேறொரு ஒப்புதல் நடந்தது. கேப்டன் ஜான் அண்டர்ஹில் குடியேற்றத்தின் படைத்தலைவர்களில் ஒருவர், ஆடை அலங்காரத்தில் மோகம் கொண்டவர். ஐந்து ஆண்டுகளாகக் கிடைக்காத மீட்பின் நிச்சயம் தாம் புகையிலைக் குழாயை இழுத்துக்கொண்டிருந்தபோது கிடைத்தது என்று சொல்லிச் சபையாரை முகம் சுளிக்க வைத்தவர். 1638-இல், பீப்பாய் செய்யும் ஒருவரின் இளம் மனைவியின் வீட்டுக்கு அவர் தினமும் போய்வருவதும், உட்பக்கம் தாழிட்ட அறையில் அவளோடு தனியே இருப்பதும் பேச்சாயிற்று. சபை கேட்டது. அவள் மனவேதனையில் இருந்தாள், ஆறுதல் சொல்லப் போனேன். கதவு தாழிட்டிருந்தபோது நாங்கள் தனி ஜெபத்தில் இருந்தோம் என்றார் கேப்டன். பார்ப்பதற்குத் தவறாகத் தோன்றும் என்பதால் அது தவறுதான் என்று ஒப்புக்கொள்ளவும் செய்தார். அவ்வளவு கச்சிதமான பாதி ஒப்புதலை நான் எந்த வழக்குக் கட்டிலும் பார்த்ததில்லை.

1640-இல் அவர் உண்மையை ஒத்துக்கொண்டார். ஆனால் சாக்குப்போக்குகளைக் கலந்து சொன்னார் என்று சபை அதை ஏற்கவில்லை, அவரை வெளியே தள்ளியது. அதே ஆண்டு செப்டம்பரில், கைது செய்ய மாட்டோம் என்ற உறுதிச்சீட்டை வாங்கிக்கொண்டு மீண்டும் வந்தார். பிரசங்கம் முடிந்ததும் போதகர் அவரை முன்னால் அழைத்தார். கழுத்துப் பட்டை இல்லை. இருப்பதிலேயே மோசமான உடை. அழுக்கான துணித் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்றார். பெருமூச்சும் கண்ணீருமாகத் தம் பாவங்களை வரிசையாகச் சொன்னார். விபசாரம், கபடம், கடவுளின் மக்களைத் துன்புறுத்தியது, எல்லாவற்றுக்கும் வேராகத் தம் அகந்தை. அந்தப் பெண் ஆறு மாதம் தம்மை எதிர்த்து நின்றாள் என்றும் சொன்னார். எந்தப் பெண்ணும் அவ்வளவு நாள் தாங்க மாட்டாள் என்று நினைத்திருந்தாராம். அகந்தையை ஒப்புக்கொள்ளும் பேச்சிலேயே அகந்தை எட்டிப்பார்ப்பதைச் சபையார் கவனித்தார்களோ என்னவோ, அழுதார்கள். பிறகு அவர் அந்தப் பெண்ணின் கணவரிடம் போய், மூப்பர்கள் பார்க்க மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். பீப்பாய்க்காரர் தாராளமாக மன்னித்தார். மன்னித்ததற்கு அடையாளமாகக் கேப்டனின் மனைவிக்கு ஒரு பரிசுப் பொருளும் அனுப்பினார். ஆறு மாதம் எதிர்த்து நின்றவள் என்ன சொன்னாள் என்பதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு வரியும் கிடையாது. அவள் எதிர்த்தாள் என்பதே அவர் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது.

ஒரு சிறு விலகல். 1637 மே மாதம் மிஸ்டிக் ஆற்றங்கரையில் பீக்வாட் பழங்குடியினரின் கோட்டைக் கிராமத்தைப் பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானவர்களோடு எரித்த படையின் தலைவர்களில் அண்டர்ஹில்லும் ஒருவர். பெஞ்சின்மேல் நின்று அவர் சொன்ன பாவங்களின் பட்டியலாக வின்த்ரோப் எழுதியதில் அந்தக் கிராமம் இல்லை. குற்ற உணர்ச்சி எங்கே சுட வேண்டும், எங்கே சுட வேண்டாம் என்பதையும் சபையே சொல்லிக்கொடுத்திருந்தது.

அண்டர்ஹில் சாகவில்லை. டச்சுக்காரர்களின் பகுதிக்குப் போய், மீண்டும் படைத்தலைவராகி, 1672-இல் லாங் ஐலண்டில் காலமானார். மேரியையும் அவரையும் பிரித்தது சட்டத்தின் எழுத்து மட்டும் அல்ல. அழுக்குத் தொப்பியோடு பெஞ்சில் ஏறி நிற்பதை ஒரு காட்சியாக ஆக்கிக்காட்டும் தகுதி அவருக்கு இருந்தது. வீழ்ந்த பெரியவர் எழுந்து வருவதைப் பார்ப்பதில் ஊருக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது. கூத்து முடிந்ததும் வேடத்தைக் களைந்துவிட்டு அவர் வீட்டுக்குப் போகலாம்.

இந்தக் குற்றத்துக்கு மரணம் என்று 1631-இலேயே விதித்திருந்தார்கள். 1641-இல் தொகுத்த சட்டத்திலும் அது இடம்பெற்றது. அதில் குற்றத்தின் அளவுகோல் பெண்ணின் திருமணம். மணமான பெண்ணோடு, அல்லது மணம் நிச்சயிக்கப்பட்டவளோடு உறவு கொண்டால் இருவருக்கும் மரணம். மணமான ஆண் மணமாகாத பெண்ணோடு உறவு கொண்டால் அது சிறிய குற்றம், கசையடியோடும் அபராதத்தோடும் முடியக்கூடியது. இன்னொருவனின் மனைவி என்பதுதான் கணக்கு. நம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவும் 2018-இல் உச்ச நீதிமன்றம் நீக்கும் வரை இதே அளவுகோலைத்தான் கையில் வைத்திருந்தது. அந்தப் பிரிவில் பெண்ணுக்குத் தண்டனை இல்லை என்பது வித்தியாசம். மேரிக்கும் பிரிட்டனுக்கும் பின்பு பாஸ்டன் ஜூரிகள் மரணத்தைத் தவிர்க்க வழி தேடின. பிறன்மனை உறவு நிரூபணமாகவில்லை, முறையற்ற நடத்தை மட்டுமே என்று தீர்ப்பளித்துக் கசையடிக்கு அனுப்பின. 1694-இல் சட்டமே மாறியது. கழுத்தில் கயிற்றோடு தூக்குமரத்தின்மேல் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், நாற்பதுக்கு மேற்படாத கசையடி, அதன்பின் வாழ்நாள் முழுதும் இரண்டு அங்குல உயரத்தில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தை உடையின் நிறத்துக்கு மாறான நிறத் துணியில் வெட்டி, கையின் வெளிப்புறமோ முதுகிலோ தைத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் வெளியே வந்தால் மறுபடி கசையடி. உள்ளே மறைந்திருந்ததை வெளியே தைத்துவிட்டால் ஊர் நிம்மதியடையும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது.

பழைய காலத்தில் துணிக்குப் பதில் சதையிலும் எழுதினார்கள். 1651-இல், இப்போது மெய்ன் மாநிலத்தில் இருக்கும் கிட்டரி ஊரில், மேரி பேச்சிலர் என்ற கர்ப்பிணிக்கு, குழந்தை பிறந்து ஆறு வாரம் கழித்து 39 கசையடியும், அதே எழுத்தைக் காய்ச்சிய இரும்பால் பொறிக்கும் சூடும் விதித்தார்கள். இந்தப் பெண்ணின் கணவர் ஸ்டீபன் பேச்சிலர், எண்பதைத் தாண்டிய போதகர். பத்தாண்டுகளுக்கு முன்பு, ஹாம்ப்டன் ஊரில் அப்போதைய மனைவியோடு வாழ்ந்த காலத்தில், பக்கத்து வீட்டுக்காரரின் மனைவியை அவர் உறவுக்கு அழைத்தார். வெளியே சொன்னால் மறுத்துவிடுவேன் என்று அவளிடமே சொல்லியும் வைத்தார். அவள் கணவரிடம் சொன்னாள். போதகர் சொன்னபடியே மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல் அந்தத் தம்பதி தம்மீது அவதூறு சொல்கிறார்கள் என்று நடுவர்களிடம் புகாரும் கொடுத்தார். பிறகு சபையில் அப்பமும் ரசமும் பகிரும் இராப்போஜனம் வழங்கும் வேளையில், யாரும் கேளாமலே ஒப்புக்கொண்டு அழுதார். சபை முதலில் மன்னித்து, பின்னர் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி அவரை நீக்கியது. அவருக்குச் சூடு இல்லை.

மாசசூசெட்ஸின் ஹேவரில் ஊரைச் சேர்ந்த எலிசபெத் எமர்சனைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

1691 மே மாதம் அவளுக்கு வயது 26. திருமணமாகவில்லை; ஏற்கெனவே ஒரு மகள் உண்டு, அந்த அவமானத்தையும் ஊர் அறியும். இம்முறை கருவுற்றதை யாரிடமும் சொல்லவில்லை. ஓர் இரவில், தாயும் தகப்பனும் உறங்கிக்கொண்டிருந்த அதே அறையில், அவர்கள் படுக்கையின் கால்மாட்டில், சத்தமே இல்லாமல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றாள். அவற்றை ஒரு பையில் வைத்துத் தைத்துப் பெட்டியில் மறைத்தாள். சில நாட்களில் கொல்லையில் புதைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, சந்தேகப்பட்ட அயலார் வந்தார்கள். பெண்கள் அவளைப் பரிசோதித்தார்கள். ஆண்கள் கொல்லையைத் தோண்டினார்கள்.

விசாரணையில், தந்தை யார் என்று கேட்டதற்கு, சாமுவேல் லாட் என்றாள். மனைவியும் பிள்ளைகளும் உள்ளவர். அவரிடம் சொன்னாயா என்றதற்கு இல்லை என்றாள். குழந்தைகளுக்குத் தான் ஒரு தீங்கும் செய்யவில்லை என்றாள். வேதனையின்போது ஏன் உதவிக்குக் கூப்பிடவில்லை என்று கேட்டார்கள். அருகில் இருந்தவர்கள் அப்பாவும் அம்மாவும்தான், கூப்பிட்டால் அம்மாவின் உயிர் போய்விடுமோ என்று பயந்தேன் என்ற பொருளில் பதில் சொன்னாள். பிறகாவது சொன்னாயா என்றதற்கு, இல்லை, பயமாக இருந்தது என்றாள்.

என் மகள் பிரசவ அறையில் ஏழு மணி நேரம் கத்தினாள். கதவுக்கு வெளியே இருந்த எனக்குக் கேட்டது. கால்மாட்டில் படுத்து, இரண்டு முறை பெற்று, வாயைப் பொத்திக்கொண்டிருந்தவளை நினைக்கும்போது, இரகசியம் என்ற சொல்லுக்கு உடம்பில் எங்கே இடம் என்று எனக்குப் புரிகிறது. பல்லில், கையில், மூச்சில். பிரசவ நேரத்தைச் சட்டமும் அறிந்தே வைத்திருந்தது. 1668-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மணமாகாத பெண் ஒருவனைத் தகப்பன் என்று சொல்லி, குறிப்பாக வலியின் நடுவிலும் அதில் உறுதியாக நின்றால், பிள்ளைக்குப் பொறுப்பு அவனுடையது. எனவே மருத்துவச்சிகள் சரியாக அந்த நேரத்தில்தான் பெயரைக் கேட்பார்கள். வலியில் பொய் வராது என்பது நம்பிக்கை. எலிசபெத்தின் வலி நேரத்தில் கேட்க ஆள் இல்லை. அதையே சட்டம் அவளுக்கு எதிராகத் திருப்பியது. 1624-ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டம் ஒன்றின் தர்க்கம் மாசசூசெட்ஸிலும் செல்லுபடியானது: மணமாகாத பெண் பிள்ளைப்பேற்றை மறைத்து, குழந்தை இறந்திருந்தால், அது செத்துப் பிறந்தது என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டியது அவள். மறைவில் நடந்ததற்குச் சாட்சி ஏது? எனவே மறைத்ததே கொலை.

1693 ஜூன் 8 அன்று பாஸ்டனில் அவளைத் தூக்கிலிட்டார்கள். அதே நாளில், அதே குற்றத்துக்காக, கிரேஸ் என்ற கறுப்பினப் பெண்ணையும் தூக்கிலிட்டார்கள். போதகர் காட்டன் மேத்தர் பிரசங்கம் செய்தார். எலிசபெத்தின் பெயரால் வெளிவந்த இறுதி ஒப்புதலில், தன்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்த முதற்காரணம் பெற்றோருக்குக் கீழ்ப்படியாமை என்று இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு மேரி லேதம் தூக்குமேடையில் சொன்னதாக எழுதப்பட்டதும் இதே சொல். 1676-இல், எலிசபெத்துக்கு 11 வயதானபோது, கதிரடிக்கும் கோலின் தடியால் அவளை அடித்து உதைத்ததற்காக, மிதமிஞ்சிய கொடுமை என்று சொல்லி நீதிமன்றம் அவளுடைய தகப்பனுக்கு அபராதம் விதித்த பதிவும் இருக்கிறது. அந்த வீட்டில், அந்தப் படுக்கையின் கால்மாட்டில்தான் அவள் வாய் திறக்காமல் கிடந்தாள்.

சாமுவேல் லாட் மீது வழக்கு எதுவும் இல்லை. அவள் மணமாகாதவள் என்பதால், இருவரும் ஒப்புக்கொண்டிருந்தாலும் அது சட்டத்தின் கணக்கில் பிறன்மனை உறவாக ஆகியிருக்காது.

நாட்குறிப்பை நூலகத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளில், மேரி லேதம் பற்றிய பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கிழக் கணவரின் குணம், ஒயினின் வகை, கத்தி, காளைக் கொம்பு, உபவாச நாள் எல்லாவற்றையும் விடாமல் குறித்த ஆளுநர், அவள் சொன்ன பன்னிரண்டு பெயர்களில் ஒன்றைக்கூட எழுதவில்லை.